இரண்டே வருஷத்தில் பட்டம்!

பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கக் கிளம்பினால் நம்மவர்களிடம் கேள்விக்குப் பஞ்சமே இல்லை. பையனுக்கு என்ன உத்தியோகம், கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர், வீடு சொந்தமா வாடகையா, மாமியார் குணம் எப்படி என்று பக்கத்து வீட்டுக்காரர் முதல் பால்காரர் வரையில் விசாரித்த பிறகுதான் தாம்பூலத் தட்டையே தொடுவார்கள். அதே பெண்ணைக் கல்லூரியில் சேர்க்கும்போது மட்டும் இந்த விசாரணையெல்லாம் எங்கே போய் ஒளிந்துகொள்கிறதோ தெரியவில்லை. "ஃபீஸ் எவ்வளவு? ஹாஸ்டல் உண்டா? எத்தனை வருஷம்?" - மூன்றே கேள்விகள்! அதிலும் மூன்றாவது கேள்விக்குப் பதில் எவ்வளவு சின்னதாக வருகிறதோ, அவ்வளவுக்கு அவ்வளவு சந்தோஷம்.

நர்ஸ் படிப்பு விஷயத்தில் இந்த "எத்தனை வருஷம்?" என்ற கேள்வி ரொம்பவும் பொல்லாதது. சகோதரிகளே, அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

கீழ்பென்னாத்தூரில் என் சித்தி இருக்கிறாள். திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போகும் சாலையில் உள்ள ஊர். நெல்லும் மல்லாட்டையும் விளைகிற பூமி. (பட்டணத்து வாசகிகளுக்கு: மல்லாட்டை என்றால் வேர்க்கடலை.) சித்திக்கு ஒரே பெண். "பெயரைப் போட்டீங்கன்னா அப்புறம் உங்களோட பேசவே மாட்டேன் அக்கா" என்று எனக்கு உத்தரவு. ஆகையால் அவளைச் சின்னவள் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

சின்னவள் பிளஸ் டூ முடித்ததும் ஜி.என்.எம். என்கிற மூன்று வருஷ நர்ஸிங் டிப்ளமாவில் சேர்ந்தாள். அப்போதே நாலு வருஷ பி.எஸ்ஸி. நர்ஸிங் படிக்க ஆசைதான். ஆனால் அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. சித்தப்பாவின் கையில் பணம் இல்லை. ஒரு வருஷம் முன்னதாகவே சம்பாதிக்கலாமே என்று டிப்ளமாவோடு திருப்தி அடைந்தார்கள். படிப்பு முடிந்ததும் திருவண்ணாமலையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. மாதம் 16,000 ரூபாய் சம்பளம். ஐந்து வருஷமாகப் பஸ்ஸில் போய் வருகிறாள். பௌர்ணமி இரவில் நைட் டியூட்டி விழுந்தால் கேட்கவே வேண்டாம். கிரிவலக் கூட்டத்தில் பஸ் கிடைப்பதே ஒரு தபஸ். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தாலோ, பதினாலு கிலோமீட்டர் நடந்து மயங்கி விழுந்தவர்களும் கால் கொப்பளித்தவர்களும் வரிசையாக வந்துகொண்டிருப்பார்கள்.

இப்படி இருக்கையில்தான் அவளுக்குப் பட்டத்தின் ஆசை மறுபடியும் தலைதூக்கியது.

டிப்ளமா படித்த நர்ஸுகளுக்கென்றே நம் நாட்டில் ஒரு துரிதப் படிப்பு உண்டு. போஸ்ட் பேசிக் பி.எஸ்ஸி. நர்ஸிங் என்று பெயர். பிளஸ் டூ தேறியிருக்க வேண்டும்; ஜி.என்.எம். முடித்திருக்க வேண்டும், மாநில நர்ஸிங் கவுன்ஸிலில் பெயர் பதிவாகியிருக்க வேண்டும். இருந்தால் நாலு வருஷத்துப் பட்டம் இரண்டே வருஷத்தில் கைக்கு வந்துவிடும்.

சித்திக்கு இது பிடிக்கவில்லை. நான் போயிருந்த சமயம், முறத்தில் மல்லாட்டையைக் கொட்டி உரித்துக்கொண்டே கணக்குப் போட்டாள்.

"மாசம் பதினாறாயிரம். ரெண்டு வருஷத்துக்கு எவ்வளவு ஆச்சு?"

"3,84,000 ரூபாய், சித்தி."

"அது போச்சா? அதுக்கு மேல ஃபீஸு, ஹாஸ்டலு. அரசாங்கத்துல நர்ஸ் வேலைக்கு எடுக்கறதுக்கே டிப்ளமா போதும்னு சொல்றாங்க. நீ பத்திரிகையில இருக்கிறவ, நாலு விஷயம் தெரிஞ்சவ. நீயே சொல்லும்மா, இவ எதுக்குப் படிக்கணும்?"

சித்தி சொன்னது வாஸ்தவம். தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் நர்ஸுகளைத் தேர்ந்தெடுக்கும்போது டிப்ளமாக்காரர்களும் மனுப் போடலாம், பட்டதாரிகளும் போடலாம். வார்டில் வேலை பார்க்கப் பட்டம் அவசியம் என்று சட்டம் இல்லை. ஆனால் நர்ஸிங் கல்லூரியில் பாடம் சொல்லிக் கொடுக்கவோ, எம்.எஸ்ஸி. படிக்கவோ பட்டம் இல்லாமல் முடியாது. இதில் ஒரு சுவாரசியமான விதி உண்டு. நேராகப் பி.எஸ்ஸி. படித்தவள் எம்.எஸ்ஸி.யில் சேர வேண்டுமானால், பட்டம் வாங்கிய பிறகு ஒரு வருஷம் வேலை பார்த்திருக்க வேண்டும். போஸ்ட் பேசிக் படித்தவளுக்கோ, படிப்புக்கு முன்னால் பார்த்த வேலையே போதும். சின்னவளின் ஐந்து வருஷ உழைப்பு வீணாகப் போகவில்லை. வட்டிக்குப் போட்ட பணம் மாதிரி இருக்கிறது என்று சித்தியிடம் சொன்னேன். சித்தி பதில் சொல்லவில்லை. மல்லாட்டை உரிக்கும் வேகம் மட்டும் கொஞ்சம் குறைந்தது.

அந்தச் சமயம் பார்த்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்கு வளைகுடா நாட்டில் உத்தியோகம். பெண்ணையும் பெண்ணின் வேலையையும் அவர்களுக்குப் பிடித்துவிட்டது. ஒரு குறைதான். "பி.எஸ்ஸி.ன்னு ஒரு பட்டம் இருந்தா அங்கே நல்ல சம்பளத்துக்குப் போகலாம். தை மாசம் கல்யாணத்தை வெச்சுக்கலாம். படிப்பு பாட்டுக்கு நடக்கட்டும்" என்றார்கள். தை மாதம் கல்யாணத்தை வைத்துக்கொண்டு படிப்பு எப்படிப் "பாட்டுக்கு" நடக்கும்? அதற்கு வழி சொல்ல ஒரு தரகரையும் அவர்களே அனுப்பி வைத்தார்கள்.

தரகர் மோட்டார் சைக்கிளில் வந்தார். பளபளவென்று நாலு வர்ணத்தில் அச்சடித்த புத்தகம் ஒன்றைத் திண்ணையில் விரித்தார். பக்கத்து மாநிலம் ஒன்றில் ஒரு கல்லூரி. போஸ்ட் பேசிக் படிப்பு, இரண்டு வருஷம்.

"நீங்க அங்கே வர வேண்டியதே இல்லை மேடம். அட்டெண்டன்ஸ் எல்லாம் அவங்க பார்த்துக்குவாங்க. பரீட்சைக்கு மட்டும் வந்தா போதும். இங்கே வேலையும் பார்க்கலாம், சம்பளமும் வாங்கலாம்."

சித்தியின் முகம் மலர்ந்துவிட்டது. 3,84,000 ரூபாயும் மிச்சம், தையில் கல்யாணமும் நிச்சயம்! சித்தப்பாதான் வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு, "பள்ளிக்கூடமே போகாம பாஸ் பண்ணலாம்னா, நான்கூட அந்தக் காலத்துல பண்ணியிருப்பேனே!" என்றார்.

தரகர் போன பிறகு, பத்திரிகைக்காரியின் புத்தியோடு நான் தேதிகளைப் பார்த்தேன். கல்லூரியின் ஸர்டிபிகேட்டில் இந்த இரண்டு வருஷமும் சின்னவள் பக்கத்து மாநிலத்தில் தினந்தோறும் வகுப்பில் இருந்ததாக எழுதியிருக்கும். ஆஸ்பத்திரியின் அனுபவச் சான்றிதழிலோ, அதே தேதிகளில் அவள் திருவண்ணாமலையில் நைட் டியூட்டி பார்த்ததாக எழுதியிருக்கும். ஒரே பெண் ஏக காலத்தில் இரண்டு ஊரில்! புராணத்தில் வந்தால் கன்னத்தில் போட்டுக்கொள்ளலாம். வளைகுடா நாட்டில் லைசென்ஸ் கொடுக்கிறவர்கள் அப்படிச் செய்யமாட்டார்கள். ஸர்டிபிகேட் கொடுத்த இடத்திற்கே நேராக எழுதிச் சரிபார்ப்பார்கள். வேலை பார்த்த இடத்திற்கும் எழுதுவார்கள். தேதி இடித்தால் பட்டமும் போகும், ஐந்து வருஷ அனுபவமும் சந்தேகத்துக்கு ஆளாகும்.

இதைச் சின்னவளிடம் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

"நீங்க சொல்றது மாட்டிக்கிட்டா என்ன ஆகும்ங்கிறது. மாட்டிக்கலைன்னா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும் அக்கா" என்றாள்.

போன வருஷம் அவளுடைய வார்டுக்குப் புதிதாக ஒரு பெண் வேலைக்கு வந்தாளாம். கையில் முறையான ஸர்டிபிகேட் இருந்தது. ஒரு நாள் இரவு நோயாளி ஒருவருக்கு டாக்டர் பொட்டாசியம் எழுதியிருந்தார். அந்த மருந்தை டிரிப் பாட்டிலில் கலந்து சொட்டுச் சொட்டாக, நிதானமாக ஏற்ற வேண்டும். அந்தப் பெண் அதை அப்படியே ஊசியில் இழுத்து, நரம்பில் நேராகப் போடக் கையை நீட்டிவிட்டாள். போட்டிருந்தால் நோயாளியின் இருதயம் நின்றுபோயிருக்கும். பக்கத்துப் படுக்கையில் பி.பி. பார்த்துக்கொண்டிருந்த சின்னவள் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துவிட்டாள். பிறகு அந்தப் பெண் ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து அழுதுகொண்டே உண்மையைச் சொன்னாளாம். அவள் படித்ததும் "வர வேண்டியதே இல்லை" என்கிற கல்லூரியில்தான்.

"அந்தப் பொண்ணு கெட்டவ இல்லக்கா. அவ கைக்கு யாரும் சொல்லிக் கொடுக்கலை. அவ்வளவுதான்."

இதைக் கேட்டுக்கொண்டிருந்த சித்தியின் கை முறத்தின்மேல் அப்படியே நின்றுவிட்டது.

கீழ்பென்னாத்தூர் வழியாகக் கிழக்கே போகும் அந்தச் சாலை, செஞ்சியைத் தாண்டித் திண்டிவனத்திற்குப் போகிறது. 1890-களில் திண்டிவனத்தில் ஓர் இரவு நடந்ததைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்க யுவதி, அங்கே மிஷன் டாக்டராக இருந்த தகப்பனாரின் வீட்டுக்கு வந்திருந்தாள். ஒரே இரவில் மூன்று பேர், ஒருவர் பின் ஒருவராக, பிரசவ வேதனையில் துடிக்கும் தங்கள் மனைவிக்கு உதவ வரும்படி அவளைக் கூப்பிட்டார்கள். அவள் டாக்டர் இல்லை. ஆண் டாக்டரை அந்த வீட்டார் உள்ளே விட மாட்டார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். ஐடா அமெரிக்கா திரும்பினாள். வைத்தியம் படித்து 1899-ல் பட்டம் வாங்கினாள். பிறகு வேலூருக்கு வந்தாள். 1909-ல் அங்கே நர்ஸிங் பள்ளி தொடங்கினாள். 1946-ல் வேலூரிலும் டில்லியிலும்தான் இந்தியாவிலேயே முதன்முதலாக நர்ஸிங்கில் பட்டப் படிப்பு ஆரம்பமாயிற்று. செத்துப்போன மூன்று பெண்களை நினைத்தால், அவளைவிட அவசரப்பட யாருக்கும் நியாயம் இருந்திருக்காது. ஆனாலும் அவள் படித்தது அவசரப் படிப்பு அல்ல.

"அமெரிக்காவில் ஒரே வருஷத்தில் நர்ஸ் ஆகிவிடுகிறார்களாமே?" என்று சில வாசகிகள் கேட்கலாம். வாஸ்தவம்தான். வேறு பாடத்தில் பட்டம் வாங்கியவர்கள் பன்னிரண்டு மாதம் முதல் பதினெட்டு மாதத்துக்குள் நர்ஸிங் பட்டம் வாங்கும் ஏற்பாடு அங்கே இருக்கிறது. என் கல்லூரித் தோழி ஒருத்தி, இங்கே பி.காம். படித்தவள், அங்கே போய் அப்படித்தான் நர்ஸ் ஆனாள். ஆனால் அந்தப் படிப்பில் சேருவதற்கு முன்னாலேயே உடற்கூறு, உடலியக்கம், கிருமியியல் எல்லாம் தனித்தனியாகப் படித்துத் தேற வேண்டியிருந்தது. சேர்ந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று உண்டு என்பதே மறந்துவிட்டதாம். படிப்பு முடிந்தும் தனியாக லைசென்ஸ் பரீட்சை. நம் நாட்டிலோ வேறு பட்டதாரிகளுக்கு இந்தப் பாதை இல்லை. பி.காம். ஆனாலும் எம்.ஏ. ஆனாலும் முதல் வருஷத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

கூட்டிக் கழித்துப் பார்த்தால் எங்கேயும் கணக்கு ஒன்றுதான். சின்னவளுக்கு டிப்ளமா மூன்று வருஷம், போஸ்ட் பேசிக் இரண்டு வருஷம், ஆக மொத்தம் ஐந்து. நேராகப் படித்தவளைவிட ஒரு வருஷம் அதிகம்! நேர்மையான துரிதப் படிப்பு என்பது, நாம் ஏற்கெனவே கற்றதை வரவு வைத்துக்கொண்டு மிச்சத்தை மட்டும் சொல்லிக் கொடுக்கிற படிப்பு. கல்லாததையும் கற்றதாக எழுதிக் கொடுப்பது வேறு வியாபாரம். விளம்பரத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்: "இரண்டே வருஷத்தில் பட்டம்!"

பிறகு கல்லூரி பார்க்கக் கிளம்பினோம். மாப்பிள்ளை பார்க்கிற மாதிரியே விசாரிப்பது என்று தீர்மானம்.

புறப்படுவதற்கு முன்பே இரண்டு பட்டியல்களைப் பார்த்துக்கொண்டோம். கல்லூரி டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு இணைந்ததா? நர்ஸிங் கவுன்ஸிலின் அங்கீகாரம் உண்டா? நம் மாநிலத்தில் நர்ஸுகளைப் பதிவு செய்வதற்கென்று 1926-லேயே சட்டம் வந்துவிட்டது. அந்தப் பதிவு கிடைக்காத படிப்பு எத்தனை அழகான பெயர் வைத்துக்கொண்டாலும் நர்ஸ் படிப்பு ஆகாது. "ஒரே வருஷ நர்ஸிங்" என்று சுவரில் எழுதியிருப்பதைப் பார்த்துப் பிளஸ் டூ முடித்த பெண்களைச் சேர்க்கப் போகும் தாய்மார்கள், "இதைப் படித்தால் கவுன்ஸிலில் நர்ஸ் என்று பதிவு செய்வார்களா?" என்ற ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள்.

முதலில் போன கல்லூரி அரண்மனை மாதிரி இருந்தது. கண்ணாடிக் கதவு, நீரூற்று, மாணவிகளுக்கு நீல வர்ணப் பஸ். நான் பிரமித்துப் போனேன். பிரின்ஸிபால் எங்களை அவர்களுடைய ஆஸ்பத்திரிக்கும் அழைத்துப் போனார். வெளியே வந்ததும் சின்னவள், "இது வேண்டாம் அக்கா" என்றாள்.

"ஏன்? எவ்வளவு சுத்தமாக இருக்கிறது!"

"அதான். பெட்ஷீட் ஒண்ணுகூடக் கசங்கலை. பேஷண்டே இல்லாத வார்டுல என்ன கத்துக்கறது?"

ஒரு மாணவிக்கு மூன்று நோயாளிகளாவது இருக்க வேண்டும் என்பது இந்திய நர்ஸிங் கவுன்ஸில் வகுத்த கணக்கு. அதைப் பிற்பாடு நான் படித்துத் தெரிந்துகொண்டேன். அவள் கண்ணால் அளந்துவிட்டாள்.

இரண்டாவது கல்லூரி பழைய கட்டடம். நீரூற்று இல்லை, குடிதண்ணீர்க் குழாய்கூடச் சொட்டிக்கொண்டிருந்தது. ஆனால் ஆஸ்பத்திரியில் கூட்டம் நெரிந்தது. பிரசவ வார்டில் மாணவிகள் கையில் நோட்டுப் புத்தகத்தோடு நின்றார்கள். எம்.எஸ்ஸி. படித்த ஆசிரியை ஒருவர் அவர்களோடு கூடவே நின்றார். மனநல வார்டுக்கு எங்கே அனுப்புவீர்கள், கிராமத்து வேலைக்கு எந்த ஊர், பரீட்சைக் கட்டணமும் யூனிஃபாரமும் ஃபீஸில் சேர்ந்ததா தனியா, ஒரிஜினல் ஸர்டிபிகேட்டுகளை வாங்கி வைத்துக்கொள்வீர்களா, பாதியில் தேவைப்பட்டால் திருப்பிக் கொடுப்பீர்களா என்று நாங்கள் கேட்டதற்கெல்லாம் பதில் வந்தது. கோபம் வரவில்லை. அதுவே நல்ல சகுனம் என்று சித்தப்பா சொன்னார்.

மனுப் போடுவது சென்னை கீழ்ப்பாக்கத்தில் உள்ள தேர்வுக் குழுவுக்கு, கம்ப்யூட்டர் வழியாக. பிளஸ் டூ மார்க் பட்டியல், டிப்ளமாவின் ஒவ்வொரு வருஷத்து மார்க் பட்டியல், கவுன்ஸில் பதிவுச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் என்று ஒரு பை நிறையக் காகிதம். ஒரு யோசனை: மனு அறிவிப்பு வந்த பிறகு இதையெல்லாம் தேடாதீர்கள். அறிவிப்புக்கும் கடைசித் தேதிக்கும் நடுவில் உள்ள நாட்கள் சிறகு கட்டிக்கொண்டு பறந்துவிடும்.

அரசாங்க ஒதுக்கீட்டில் அந்தப் பழைய கட்டடத்துக் கல்லூரியிலேயே இடம் கிடைத்தது. இனிமேல் பணம். சித்தி எழுந்து உள்ளே போனாள். கல்யாணத்துக்கென்று சேர்த்து வைத்திருந்த நகையிலிருந்து இரண்டு ஜோடி வளையலைக் கொண்டுவந்து சித்தப்பாவிடம் கொடுத்தாள்.

"பாங்கியில வெச்சுட்டு வாங்க. வளையலை அப்புறமா மீட்டுக்கலாம். ஒருத்தர் உசிரு போனா எந்தப் பாங்கியில போய் மீட்கறது?"

மாப்பிள்ளை வீட்டாருக்கு விஷயத்தைச் சொல்லி அனுப்பினார்கள். "யோசித்துச் சொல்கிறோம்" என்று பதில் வந்தது. இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். சித்திக்கு அதில் வருத்தம் இல்லாமல் இல்லை. சாயங்காலம் விளக்கேற்றும்போது சில நாள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள் என்று சித்தப்பா சொன்னார். சின்னவளுக்குத் தெரியாமல்தான்.

சின்னவள் ஹாஸ்டலுக்குப் போய் மூன்று மாதம் ஆகிறது. முதல் வருஷத்தில் கிருமியியல், உயிர் வேதியியல், ஊட்டச்சத்து, மனோதத்துவம்; இரண்டாம் வருஷத்தில் சமூக சுகாதாரம், மனநலம், நிர்வாகம், ஆராய்ச்சி என்று பாடங்கள். போன ஞாயிற்றுக்கிழமை டெலிபோனில் பேசினாள். குரலில் அத்தனை உற்சாகம்.

"அக்கா, பொட்டாசியத்தை நேரா நரம்புல போட்டா இருதயம் நின்னுடும்னு எனக்கு அஞ்சு வருஷமாத் தெரியும். எப்படி நிக்குது, எதனால நிக்குதுன்னு நேத்துத்தான் கிளாஸ்ல புரிஞ்சுது. இனிமே புதுசா வர்ற பொண்ணு கையைப் பிடிச்சா, பிடிக்கிறதோட விட மாட்டேன். உட்கார வெச்சுச் சொல்லியும் கொடுப்பேன்" என்றாள்.